இரண்டாம் சாப்டின் மூச்சு

ஜனவரி 1, புதன்

என் பெயர் ஏகாம்பரம்.

இந்த வரியை நானே எழுதினேன். எழுதி முடித்து, டைரியை மூடி வைத்துவிட்டு, முக்குக் கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து திறந்து பார்த்தேன். அப்படியே இருந்தது.

ஜனவரி 3, வெள்ளி

இந்த டைரி உரக்கடையில் கொடுத்தது. எங்களுக்கு நிலம் கிடையாது. உரம் வாங்கியதும் கிடையாது. "இன்னாத்துக்குப் பெரியவரே டைரி?" என்று கடைக்காரர் கேட்டார். "எழுதத்தான்" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கூட ஒரு பேனாவும் கொடுத்தார்.

எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது என் மனைவி கன்னியம்மா. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்கு வந்த காகிதம் எல்லாவற்றையும் அவள்தான் எனக்குப் படித்துச் சொன்னாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கண்ணில் அழுத்தம் வந்து அவளுக்குப் பார்வை போய்விட்டது. "இனிமே யாருயா படிக்கிறது?" என்று கேட்டாள். பிறகு அவளே "கைய நீட்டு" என்றாள். உள்ளங்கையில் விரலால் எழுதி எழுதிக் காட்டினாள். எழுபது வயதுக்கு மேலும் உள்ளங்கை கூசும் என்று அன்றுதான் தெரிந்தது. அப்படித்தான் முதல் எழுத்து வந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் வந்தன.

இப்போது சாப்பாடு முடிந்ததும், அன்று எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். தப்பு இருந்தால் காதாலேயே பிடித்துவிடுகிறாள்.

இன்று வீட்டு ஆட்கள் பேரை எல்லாம் எழுதச் சொன்னாள். எழுதினேன்.

ஏகாம்பரம்
கன்னியம்மா

செல்லக்கிளி

செல்லக்கிளி எங்கள் மகள். கட்டிக்கொடுத்து அரக்கோணத்தில் இருக்கிறாள். நடுவில் ஒரு வரி விட்டிருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கும் என்று விட்டேன். படித்துக் காட்டியதும் "அவ்ளோதானா?" என்றாள் கன்னியம்மா. கை வலிக்கிறது என்றேன்.

ஜனவரி 8, புதன்

இன்று எழுத நிறைய இருக்கிறது. மெதுவாகத்தான் எழுத முடியும்.

எங்கள் ஊர் செம்பேடு. சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகள்தான் ஊர். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு. செம்பும் ஈயமும் எடுத்தார்கள். நான் உள்ளே கல் வண்டி தள்ளினேன். சுரங்கத்தை மூடி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மூடியபோது தண்ணீர் இறைக்கிற பம்பை நிறுத்தினார்கள். அடி அடுக்குகள் முழுகிப்போயின. உள்ளே இருந்தது உள்ளேயே நின்றுவிட்டது.

கல்லை அரைத்துச் செம்பை எடுத்துக்கொண்டு மிச்ச மாவைக் கொட்டிய இடம் ஒரு மலையாக நிற்கிறது. அதைச் சாம்பல் மலை என்போம். அதில் புல்கூட முளைத்தது இல்லை. பங்குனிக் காற்றில் அந்த மாவு பறந்து வந்து சோற்றில் விழும். மலைக்குக் கீழே குகை மாதிரி ஒரு வழி உண்டு, அது கீழ்வாய். அதன் வழியாகச் சுரங்கத் தண்ணீர் ஓடி வருகிறது. நீல நிறம். அவ்வளவு அழகான நீலத்தை வேறு எங்கும் பார்த்ததில்லை. அதைக் குடித்தால் ஆடு செத்துவிடும்.

இதையெல்லாம் சரிசெய்யத் திட்டம் போட ஆட்கள் வந்திருக்கிறார்கள். அருளானந்தம் என்ற பொறியாளர்தான் தலைவர். கண்ணாடி போட்டவர், மெல்லப் பேசுகிறவர். பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, பெஞ்சு மேல் ஒரு பெரிய படத்தை விரித்தார். பூமிக்கு அடியில் நாங்கள் நடந்த வழிகள் அத்தனையும் அதில் சிவப்புக் கோடாக இருந்தன. மேலே ஒரு செம்பேடு. அதற்குக் கீழே அடுக்கடுக்காக எத்தனையோ செம்பேடு. வாழ்நாளில் பாதியை அந்தக் கோடுகளில் கழித்திருக்கிறேன். முழுசாக இன்றுதான் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பவுல் என் காதில் சொன்னான்: "பாருண்ணா, நம்ம முதுகு ஒடியக் குனிஞ்சி போன எடத்துல இவுரு பெஞ்சில ஒக்காந்துக்கினே வெரலால போய்ட்டு வராரு."

திட்டம் இதுதான். சாம்பல் மலையின் சரிவைக் குறைத்து, மேலே களிமண் போர்த்தி, அதன்மேல் நல்ல மண் போட்டு முதலில் புல் வைப்பது. வெட்டிவேரும் வைப்பார்களாம். புல் மண்ணைப் பிடித்ததும் செடி. செடி நிழல் தந்ததும் மரம். நீலத் தண்ணீரைச் சுண்ணாம்புக்கல் பரப்பிய கால்வாயில் விட்டு, கோரை வளர்த்த குட்டைகளில் தேக்கித் தெளிய வைப்பது. முப்பதாம் வருஷம் என்ன செய்ய வேண்டும் என்பதுவரை எழுதியிருக்கிறார்கள்.

"அப்ப நீங்க இருப்பீங்களா சார்?" என்று கேட்டேன்.

"ரிட்டயர் ஆகியிருப்பேங்க" என்றார்.

"நாங்க அதுக்கு முன்னாடியே மேல ரிட்டயர் ஆயிருப்போம்" என்றான் பவுல். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு அது சிரிப்பாக இல்லை. தான் பார்க்கப் போகாத மரத்துக்கு ஒருவர் உட்கார்ந்து குழி அளவு எழுதுகிறார். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாகச் சாப்டு. சாப்டு என்றால் கிணறு மாதிரி நேராக இறங்கும் சுரங்கவாய். ஒன்றாம் நம்பர் எப்போதோ இடிந்து தூர்ந்துவிட்டது. இரண்டாம் நம்பர் இன்னும் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. அதை என்ன செய்வது என்று பிறகு முடிவு செய்வோம் என்றார்.

ஜனவரி 10, வெள்ளி

பல் வலி. ஒன்றும் எழுதவில்லை என்று எழுதுகிறேன்.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். பவுல் வேதக்காரனாக இருந்தாலும் வருஷா வருஷம் தன் பசுவின் கொம்புக்குச் சாயம் அடிப்பான். இந்த வருஷம் அடிக்கவில்லை. பசு ஆவணி மாதம் மேயப் போன இடத்தில் இரண்டாம் சாப்டில் விழுந்துவிட்டது. சுற்றி வேலி போட்டிருந்தார்கள். அந்தக் கம்பியை யாரோ இரும்புக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

கன்னியம்மா அவனுக்குக் கிண்ணத்தில் பொங்கல் அனுப்பினாள். வாங்கிக்கொண்டு சொன்னான்: "அந்தச் சாப்ட கல்லப் போட்டு நெரப்பணும்ணா. நாளைக்கு ஒரு புள்ள உழுந்தா யாரு பதில் சொல்றது?"

அவன் சொல்வது நியாயம். ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கன்னியம்மாவைச் சாப்டுக்குக் கூட்டிப் போவேன். பல வருஷமாக அவளே போய் வந்துகொண்டிருந்தாள். கண் போன பிறகு நான் கை பிடித்துக் கூட்டிப் போகிறேன். வாய்க்குச் சற்றுத் தள்ளி ஒரு பழைய இரும்புத் தூண் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதற்கு மேல் போக விடமாட்டேன்.

தை மாதக் குளிரில் அந்தச் சாப்டு மூச்சு விடும். பொய் இல்லை. வெளியே பல் கிட்டும், உள்ளிருந்து வெதுவெதுப்பாகக் காற்று மேலே வரும். ஈரக்கல் வாசனை வரும். சில நாள் ஆவி பறப்பதே தெரியும். அந்தக் காற்று பட்டு அவள் நெற்றி முடி அசையும். அவள் ஏதோ பேசுவாள். என்ன பேசுகிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்காத தூரத்தில்தான் நிற்பேன்.

திரும்பும்போது அவள் நடை வேறு மாதிரி இருக்கும். நானே அவளை எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இன்று வழியில் அருளானந்தம் சார் பார்த்துவிட்டார். "இந்த நேரத்துல எங்கே போய்ட்டு வர்றீங்க?" என்றார்.

"காத்து வாங்க சார்" என்றேன்.

ஜனவரி 28, செவ்வாய்

சாம்பல் மலையில் ஓர் ஓரமாகக் கட்டில் அளவு இடத்தில் களிமண்ணும் எருவும் போட்டுப் புல் விதைத்திருக்கிறார்கள். வருமா வராதா என்று பார்க்க. காலையில் தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கும் பவுலுக்கும். நான் ஊற்றும்போது அவன் சாய்ந்து உட்கார்ந்திருப்பான். அவன் ஊற்றும்போதும் அவன் உட்கார்ந்துதான் ஊற்றுவான்.

சாரிடம் சாப்டின் மூச்சைப் பற்றிக் கேட்டேன். ஒரு குச்சியால் மண்ணில் கோடு போட்டுக் காட்டினார். பூமிக்குள் எப்போதும் ஒரே சூடுதானாம். குளிர்காலத்தில் வெளியைவிட உள்ளே சூடு. சூடான காற்று சாப்டு வழியாக மேலே ஏறும், கீழ்வாய் வழியாகப் புதுக்காற்று உள்ளே போகும். வெயில் காலத்தில், உச்சிவெயில் நேரத்திலும், அப்படியே தலைகீழ். மேலே சாப்டு உள்ளிழுக்கும், கீழ்வாய் வெளியே விடும். ஒரு மலை முழுசும் இப்படிச் செய்துகொண்டிருக்கிறது, ஒருவரும் பார்க்காவிட்டாலும்.

இதைக் கன்னியம்மாவிடம் சொல்லப் பயந்தேன். வெறும் காற்றுதான் என்று ஆகிவிடுமோ என்று. சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சரியாத்தான் சொல்றாரு. மூச்சுன்னா உள்ளயும் போவணும், வெளியயும் வரணும். பின்ன இன்னா?"

இன்னொன்றையும் சார் சொன்னார். அதையும் சொன்னேன். சாப்டை மூட இரண்டு வழி. கழிவுக்கல்லைக் கொட்டி நிரப்பிவிடுவது ஒன்று. உள்ளே வௌவால்கள் குடியிருந்தால் நிரப்பக் கூடாது, கனமான கம்பிக் கதவு போடுவார்கள். வௌவாலும் போய் வரும், காற்றும் போய் வரும்.

"வௌவாலு இருக்குதாமா?" என்றாள்.

"பாக்க ஆள் வருதாம்."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கண் இல்லாவிட்டாலும் விரலால் பொறுக்குவாள். வெகுநேரம் அதே பிடி அரிசியையே தடவிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சாம்பல் மலையில் புல்.

பிப்ரவரி 3, திங்கள்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. கன்னியம்மாவைக் கூட்டிப் போனேன். குனிந்து உள்ளங்கையை மெல்ல வைத்தாள். "ரொம்பப் பொடியா இருக்குதுயா" என்றாள். பிறகு கையை எடுக்கவே இல்லை. பவுல்கூட எழுந்து நின்றான்.

பிப்ரவரி 5, புதன்

வௌவால் ஆராய்ச்சிக்கு வந்திருப்பவள் ஒரு பெண். நஸ்ரீன் என்று பேர், வாணியம்பாடிக்காரி. என்னைத் தாத்தா என்று கூப்பிடுகிறாள். எங்கள் வீட்டுக்கு வந்து கருப்பட்டிக் காப்பி குடித்தாள்.

அவளிடம் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. வௌவால் பறக்கும்போது ஓயாமல் கத்துமாம். அந்தச் சத்தம் நம் காதுக்கு எட்டாது. பெட்டிக்கு எட்டும். பிடித்து, நமக்குக் கேட்கிற மாதிரி மாற்றித் தரும். எங்கள் லைனில் தெருவிளக்கடியில் நேற்று பிடித்ததைப் போட்டுக் காட்டினாள். டிக் டிக் டிக் என்று, தறி ஓடுவது மாதிரி, மழை தகரத்தில் விழுவது மாதிரி. பூச்சியைப் பிடிக்கப் போகும்போது சத்தம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. சத்தம் போட்டு, அது திரும்பி வருவதைக் கேட்டு, அதைக் கொண்டே வழி கண்டுபிடிக்குமாம்.

"இவ்ளோ காலமா இது நம்ம தலைக்கு மேல கத்திக்கினே இருந்துதா?" என்றாள் கன்னியம்மா. இன்னொருமுறை போடச் சொன்னாள். பிறகு இன்னொருமுறை. "கண்ணு இல்லாமலே எப்படிப் பறக்குது பாரேன்."

"கண்ணு இருக்கும்மா. இருட்டுல காதுதான் அதுக்குக் கை கொடுக்கும்" என்றாள் நஸ்ரீன்.

"எனுக்கும் அப்படித்தான்" என்றாள் இவள்.

இந்த வௌவால்கள் சாப்டிலிருந்து வருகின்றனவா, வேறு எங்கிருந்தாவது வருகின்றனவா என்று தெரியவில்லை. பொழுது சாயும்போது சாப்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தால்தான் எழுதுவார்களாம். நாங்கள் யாரும் அந்த நேரத்தில் அங்கே போனதில்லை. பொழுது சாய்ந்தால் அது முனியின் இடம்.

அடுத்த செவ்வாய், புதன் இரண்டு சாயங்காலம் பார்க்கப் போகிறாள். அதற்கு மேல் அவளுக்கு நாள் இல்லை.

ஔ என்ற எழுத்தை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வௌவாலுக்கு வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

சுரங்கம் ஓடிய காலத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புது ஆள் யார் சாப்டுக்கு வந்தாலும், அதிகாரியாகவே இருந்தாலும், முதலில் முனிக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவோம். காட்டாமல் ஒருவரும் கேஜில், ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டில், கால் வைத்ததில்லை. நஸ்ரீனும் சாரும் பொழுது சாயும் நேரத்தில் போகிறார்கள். அவர்களுக்கு இந்த வழக்கம் தெரியாது. சொன்னால் வேண்டாம் என்பார்கள். அதனால் மத்தியானமே நான் போய்விட்டேன்.

பெரிய சட்டி நிறைய நெருப்பு எடுத்துக்கொண்டேன். சாம்பிராணியும் காய்ந்த வேப்பிலையும் போட்டு, வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கல்மேடையில் வைத்தேன். பயபக்தியோடு வைத்தேன். அப்போது ஓர் ஆச்சரியம் நடந்தது. புகை மேலே போகவில்லை. சட்டியிலிருந்து எழுந்து, வளைந்து, சாப்டுக்குள் இறங்கிப் போனது. பாம்பு புற்றுக்குள் போவது மாதிரி. முனி மனசார ஏற்றுக்கொண்டார் என்று தெரிந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர்கள் வரும்வரை விடாமல் போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு சட்டியை ஒளித்து வைத்துவிட்டேன்.

ஒரு வௌவாலும் வரவில்லை.

பிப்ரவரி 12, புதன்

நேற்றுப் போட்டது போதவில்லை என்று நினைத்தேன். இன்று இரண்டு பங்கு போட்டேன்.

வரவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

கன்னியம்மாவிடம் மேகமாக இருந்ததால் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னேன். மேகம் இல்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து எழுதிய எதையும் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை, இதையும் காட்டப் போவதில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

அவளுக்குச் சளி. சாப்டுக்குப் போகவில்லை. கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மிளகு அதிகம் என்று திட்டினாள்.

மார்ச் 3, திங்கள்

திட்டத்தை ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். ஆட்சேபம் இருந்தால் அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் சொல்லலாமாம். கேட்கிறவர்களுக்கு ஒரு நகல் கொடுத்தார்கள். நானும் கேட்டேன். "படிக்கிறதுக்கா?" என்றார் எழுத்தர். "ஆமா, படிக்கிறதுக்கு" என்றேன். வாழ்நாளில் இப்படி ஒரு பதிலை நான் சொன்னதில்லை.

வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்து படித்தேன். முதல் பத்தி சாம்பல் மலை. இரண்டாம் பத்தி நீலத் தண்ணீர். கடினமான வார்த்தைகள். ஒன்றையும் விடவில்லை. சுண்ணாம்புக்கல் கால்வாய் என்று ஒரே மூச்சில் படித்துவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். மூன்றாம் பத்தியையும் அதே சந்தோஷத்தில் படித்தேன். படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்று விளங்கியது.

இரண்டாம் எண் சுரங்கவாயில் வௌவால்கள் காணப்படவில்லை. ஆகவே அது கழிவுக்கல் கொண்டு முழுமையாக நிரப்பப்படும்.

சாயங்காலம் கன்னியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து.

"மூணு எங்கயா?" என்றாள்.

நான் காகிதத்தை மடித்தேன்.

"ஒனக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்ததே நானு. எங்கிட்டயே உடறியா?"

மூன்றைப் படித்தேன். அவள் எழுந்து போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களைத் திரும்பக் கழுவினாள்.

மார்ச் 5, புதன்

புல்லுக்குத் தண்ணீர் ஊற்றும்போது பவுல் சொன்னான்: "நெரப்பறது எனக்கு நல்லதுதாண்ணா. ஆனா எனக்குச் சந்தோஷமா இல்ல. அண்ணிய நெனச்சா ஒரு மாதிரி இருக்குது."

"மாடு உழுந்த எடம். மூடத்தான் வேணும்" என்றேன்.

"மாடு போவட்டும்ணா. ஒன் புள்ள ஒடம்ப மேல கொண்டாராமலேயே பம்ப நிறுத்திட்டானுங்க. இப்ப மூஞ்சி மேல கல்லையும் கொட்டப் போறானுங்க. வேற எங்க போயி நிக்கும் அண்ணி?" என்று சொல்லி, என் மகன் பேரையும் சொன்னான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இன்னொருவர் வாயில் அந்தப் பேரைக் கேட்டேன்.

புல் இப்போது விரல் உயரம்.

மார்ச் 8, சனி

கொசுத் தொல்லை. கன்னியம்மா புகை போடச் சொன்னாள். அந்தப் பெரிய சட்டியையே எடுத்து, நெருப்புப் போட்டு, வேப்பிலையைப் போட்டு விசிறினேன். கொசு போனது. கூரையில் இருந்த பல்லி போனது. எரவாணத்தில் கூடு கட்டியிருந்த சிட்டு ஜன்னல் வழியாகப் பறந்து போனது. எனக்கே இருமல் வந்து வெளியே ஓடினேன்.

வெளியே நின்று கொண்டிருக்கும்போதுதான் கையில் இருந்த விசிறியைப் பார்த்தேன். உள்ளே இருந்த சட்டியை நினைத்தேன்.

உள்ளே போய் கன்னியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாம்பிராணி, வேப்பிலை, புகை உள்ளே இறங்கியது, மறுநாள் இரண்டு பங்கு போட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

"முனி இழுத்துக்கினாராம். வெயிலு நேரத்துல சாப்டு உள்ள இழுக்கும்னு சாரு சொன்னத நீதானயா எங்கிட்ட வந்து சொன்ன?"

"சொன்னேன்."

"அது ஒனக்கே ஞாபகம் வர்லியா?"

"அன்னைக்கு வர்ல."

"ரெண்டு நாளும் அதுங்களப் பட்டினி போட்டிருக்கற. போய்ச் சொல்லு."

மார்ச் 10, திங்கள்

கூட்டத்துக்கு மாவட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், பெரிய அதிகாரி. யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்றார். நான் எழுந்தேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அதில் என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது.

"மூணாவது பத்தி தப்பும்மா. வௌவாலு இல்லாம இல்ல. நாந்தான் சாம்பிராணி போட்டுட்டேன்" என்றேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. முழுக்கச் சொன்னேன். லைன் ஆட்கள் சிரித்த சிரிப்பில் பந்தல் ஆடியது. அந்த அதிகாரி அம்மா கீழே குனிந்துகொண்டார். அருளானந்தம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாசனை வந்துச்சு. நான் பக்கத்துல ஏதோ கோயில்னு நினைச்சேன்" என்றார். நஸ்ரீன் முகத்தை மூடிக்கொண்டு, "எனக்கு அன்னைக்கு ஜலதோஷம் தாத்தா. ஒண்ணுமே தெரியல" என்றாள்.

நான் உட்காரவில்லை. "அந்த வாய் தெறந்திருக்கணும்மா. எங்க வீட்டம்மா அங்கதான் வந்து நிக்கும். எங்களுக்கு வேற எடம் இல்ல" என்றேன். பந்தல் அமைதியாகிவிட்டது. லைன் ஆட்களுக்குத் தெரியும்.

அதிகாரி அம்மா மெதுவாகச் சொன்னார். உங்களுக்காக நான் கம்பிக் கதவு போட முடியாது பெரியவரே, அதற்கு விதி இல்லை. வௌவால் இருந்தால் போடலாம். வியாழக்கிழமை ஒரு சாயங்காலம் இன்னொருமுறை பார்க்கட்டும். வந்தால் கதவு. வராவிட்டால் கல்.

பவுல் எழுந்தான். "கம்பிக் கதவு போட்டா மாடு உழாதா?"

"விழாது."

"அப்ப எனக்கு ஒண்ணுதான். ஆனா எங்க ஊரு ஆளுங்க திருட முடியாத கம்பியாப் போடுங்க. இவனுங்களப் பத்தி ஒங்களுக்குத் தெரியாது."

மார்ச் 12, புதன்

நாளை புகை காட்டாமல் முனியின் இடத்துக்குப் போக வேண்டும். எனக்குக் கலக்கமாக இருக்கிறது என்று கன்னியம்மாவிடம் சொன்னேன்.

"நம்ம புள்ள உள்ளதான இருக்கான். அவன் முனிகிட்ட சொல்லிக்குவான்" என்றாள்.

மார்ச் 13, வியாழன்

நடுராத்திரி ஆகிவிட்டது. இருந்தாலும் இன்றே எழுத வேண்டும்.

கன்னியம்மாவையும் கூட்டிப் போனேன். இரும்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நஸ்ரீன் கேமராவை வைத்துவிட்டு, கையில் எண்ணுவதற்கு ஒரு கருவியோடு உட்கார்ந்தாள். சாரும் பவுலும் பின்னால். சூரியன் சாம்பல் மலைக்குப் பின்னால் இறங்கியது. வானம் செம்பு நிறம் ஆனது. ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் இருட்டியது. ஒன்றும் வரவில்லை. பவுல் தொண்டையைச் செருமினான். கன்னியம்மாவின் கை என் கையில் இருந்தது. அது சில்லென்று ஆனது.

பிறகு ஒன்று வந்தது. வாயிலிருந்து எழுந்து, ஒரு வட்டம் போட்டு, திரும்ப உள்ளே போய்விட்டது. வெளியே யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போய்ச் சொல்கிற மாதிரி.

அப்புறம் சாப்டு திறந்தது. அப்படித்தான் எழுதத் தெரிகிறது. பால் பொங்குவது போல, உள்ளே இருந்த இருட்டே பொங்கி மேலே வந்தது. வட்டமாகச் சுழன்று சுழன்று ஏறியது. அத்தனையும் உயிர். ஒன்றோடு ஒன்று இடிக்கவில்லை. எங்கள் தலைக்கு மேலே ஆறு மாதிரி நீண்டு ஏரிப் பக்கம் ஓடியது. சத்தமே இல்லை. சிறகுக் காற்று மட்டும். இவை எல்லாம் கத்திக்கொண்டுதான் போகின்றன, நம் காதுக்குத்தான் எட்டவில்லை. எங்கள் வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில், ஒவ்வொரு நாளும் இது நடந்திருக்கிறது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கன்னியம்மா முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். காற்று அவள் முடியைக் கலைத்தது.

"வருதா?" என்றாள்.

"வருது."

"இன்னும் வருதா?"

"வருது."

நஸ்ரீன் கருவியை அமுக்குவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். கேமரா எண்ணிக்கொள்ளும் என்றாள். பவுல் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தான்.

"இன்னுமா?"

"இன்னும்தான் வருது கன்னியம்மா."

"அவன் தனியா இல்லய்யா" என்றாள்.

எனக்கு ஒன்றும் தெரியாத அளவுக்கு இருட்டியது. அதற்குப் பிறகும், வருது என்றுதான் சொன்னேன். அதற்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தது. காற்று முகத்தில் பட்டது.

மார்ச் 28, வெள்ளி

மாற்றிய திட்டத்தை ஒட்டிவிட்டார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒன்றும் விடாமல் கன்னியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாம் பத்தியை இரண்டுமுறை படிக்கச் சொன்னாள். இரண்டாம் எண் சுரங்கவாய்க்குக் கம்பிக் கதவு. காற்றும் வௌவாலும் போய் வர இடைவெளி. மனிதரும் மாடும் விழ முடியாது. பவுல் சொன்னதும் இருக்கிறது: கழற்ற முடியாதபடி பற்றவைக்கப்படும்.

முப்பதாம் வருஷம் சாம்பல் மலையில் மரம் நிற்கும். அப்போது சாப்டு மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். எங்கள் இரண்டு பேருக்குப் பிறகும் அவனுக்குத் துணை இருக்கும்.

கன்னியம்மா தூங்கப் போன பிறகு, ஜனவரி 3-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பினேன். அவள் பேருக்கும் செல்லக்கிளி பேருக்கும் நடுவில் நான் விட்ட வரி இருந்தது. அதில் எழுதினேன்.

தேசிங்கு.

மார்ச் 29, சனி

காலையில் டீ குடித்துவிட்டு வந்து திறந்து பார்த்தேன். அப்படியே இருக்கிறது.